வெள்ளை முயலும் இரட்டைப் பூவும்

வணக்கம் நேயர்களே. ஸ்காட்லாந்தில் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் வாழும் இரண்டு உயிர்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஒன்று மலை முயல், இன்னொன்று பழைய பைன் காட்டு நிழலில் பாசியோடு பாசியாகப் படரும் ட்வின்ஃபிளவர் என்ற இரட்டைப் பூச்செடி. இரண்டுமே அருகி வருகின்றன. ஆனால் ஒன்றைக் காப்பாற்றும் வழி மற்றதற்குத் துளியும் உதவாது.

முயலுக்கு முதல் எதிரி துப்பாக்கி. அங்கே கிரவுஸ் என்ற பறவையை வேட்டையாடுவதற்கென்றே மேட்டுநிலங்களைப் பராமரிக்கிறார்கள். முயல் மேலிருக்கும் உண்ணிகள் அந்தப் பறவைக்கு நோய் பரப்புகின்றன என்று சொல்லி ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளினார்கள். கிழக்கு மேட்டுநிலங்களில் 1950களில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. 2021 மார்ச் 1 முதல் உரிமம் இல்லாமல் மலை முயலைக் கொல்ல முடியாது. தாமதம்தான், ஆனாலும் நல்ல காரியம்.

சரி, பூவுக்கு? நூல் போன்ற காம்பு, விரல் உயரம்கூட இருக்காது, உச்சியில் கவட்டையாகப் பிரிந்து பக்கத்துக்கொரு வெளிர் இளஞ்சிவப்பு மணியாகத் தலைகுனிந்து தொங்கும். தாவரங்களுக்குப் பெயர்முறை வகுத்த லின்னேயஸுக்கு மிகவும் பிடித்த பூ இது. தரையெங்கும் படர்ந்து கிடப்பதைப் பார்த்தால் நூறு செடி என்று தோன்றும், பல இடங்களில் அது அத்தனையும் ஒரே செடிதான். தன் மகரந்தம் தனக்கே பட்டால் விதை பிடிக்காது, வேறொரு செடியின் மகரந்தம் வர வேண்டும், அதைச் சுமக்கும் சின்ன ஈக்களோ சில மீட்டருக்கு மேல் கொண்டுபோவதில்லை, காட்டை வெட்டித் துண்டாக்கியதால் அடுத்த படர்ப்பு எங்கோ தொலைவில் இருக்கிறது. அதனால் பூக்கிறது, ஆனால் விதை வைப்பது அபூர்வம். இதை வேலி போட்டுக் காத்தால் போதாது. வேறு வேறு படர்ப்புகளிலிருந்து தண்டு எடுத்து வளர்த்து அருகருகே நட வேண்டும், அந்த வேலையும் அங்கே நடக்கிறது.

முயலுக்கும் சட்டத்தால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. குளிர்காலப் பனியில் கண்ணில் படாமல் இருக்க, பகல் பொழுது குறையும்போது அதன் பழுப்பு ரோமம் வெளுக்கத் தொடங்குகிறது. 1950க்கும் 2016க்கும் இடையில் அங்கே பனி கிடக்கும் நாட்கள் ஆண்டுக்குச் சுமார் 37 குறைந்துவிட்டன, முயலோ பழைய கணக்கிலேயே நிறம் மாறுகிறது. பழுப்பு மலைச்சரிவில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தால் கழுகின் கண்ணுக்குத் தப்புமா?

இரண்டில் எதற்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், பூவுக்குத்தான் என்பேன். முயல் ஓடும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குட்டி போடும், சுடாமல் விட்டாலே ஓரளவு தேறிவிடும். பூவுக்கு அப்படியில்லை, துணைச்செடியை நாம்தான் கொண்டுபோய்ப் பக்கத்தில் நட வேண்டும்.