எழுத்தர் கையில் இருக்கும் பட்டியல்

அவையோர்க்கு வணக்கம். ஊர்மன்றக் கூட்டத்தைப் பிரார்த்தனையோடு தொடங்கினால், அதற்கு யாரை அழைப்பது, யார் விடுபடுகிறார்கள் என்பதே இன்று என் பேச்சு.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ராச்செஸ்டர் நகரத்தை ஒட்டி, ஏறத்தாழ 94,000 பேர் வாழும் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் கிரீஸ். ஊர்மன்றம் மாதந்தோறும் கூடும். வருகைப் பதிவு முடியும், தேசியக் கொடிக்கு உறுதிமொழி சொல்வார்கள். உடனே மன்றத் தலைவர் ஒரு மதகுருவை முன்னால் அழைப்பார். குரு பிரார்த்தனை செய்வார். 'இந்த மாதத்து மன்றக் குரு' என்று நன்றி சொல்லி அவர் கையில் ஒரு நினைவுப் பட்டயம் கொடுப்பார்கள். அதற்குப் பிறகே ஊர் வேலை தொடங்கும். 1999 வரை அந்த இடத்தில் இருந்தது சற்று நேர மௌனம். அந்த ஆண்டு புதிதாக வந்த தலைவர், தாம் முன்பு இருந்த மாவட்டச் சபையின் வழக்கத்தை ஊருக்கும் கொண்டுவந்தார்.

இப்படி யார் யார் பிரார்த்தனை செய்தார்கள்? 1999 முதல் 2007 வரை வந்த அத்தனை பேரும் கிறித்தவர்கள். யூதரான ஒரு பெண்ணும் கடவுள் நம்பிக்கை இல்லாத இன்னொரு பெண்ணும் மன்றத்திடம் முறையிட்டார்கள். அரசு ஒரு மதத்தின் பக்கம் சாயக் கூடாது என்ற அரசியலமைப்பு விதியைக் காட்டி 2008-இல் வழக்கும் தொடுத்தார்கள். அந்த ஆண்டின் 12 கூட்டங்களில் நான்குக்கு மட்டும் வேறு நம்பிக்கையினர் வந்தார்கள்: ஒரு யூதர் இரண்டு முறை, பஹாய் சமூகத்தின் தலைவர் ஒருவர், விக்கா என்ற இயற்கை வழிபாட்டின் பூசாரிணி ஒருவர். அடுத்த பதினெட்டு மாதம் மறுபடியும் கிறித்தவர்களே.

இந்த விவகாரத்தைப் பேசுகிற பெரும்பாலோர் பிரார்த்தனையில் 'இயேசு' என்ற பெயர் வரலாமா வராதா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் உங்களைக் கூட்டிப்போக நினைப்பது எழுத்தர் மேசைக்கு. சிக்கல் பிறந்த இடம் அது.

கிரீஸ் ஊரில் நடந்தது இவ்வளவுதான். அலுவலக ஊழியர் ஒருவர் உள்ளூர் விவரக் கையேட்டை எடுத்து, அதிலுள்ள சபைகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசுவார். யார் வர ஒப்புக்கொள்கிறார்களோ அவர் பெயர் பட்டியலில் ஏறும். அடுத்த மாதம் அந்தப் பட்டியலிலிருந்தே அழைப்பு போகும். ஊர் எல்லைக்குள் இருந்த வழிபாட்டு இடங்கள் ஏறக்குறைய எல்லாமே தேவாலயங்கள். அவ்வூர் யூதர்கள் போகும் ஜெபாலயங்களோ எல்லைக்கு வெளியே, பக்கத்து ஊர்களில் இருந்தன. கையேட்டில் இல்லை, ஆகவே பட்டியலிலும் இல்லை. எந்த நம்பிக்கையினரும், நாத்திகரும்கூட, வந்து பேசலாம் என்று மன்றம் பிறகு சொன்னது. அதை ஊருக்கு அறிவித்ததே கிடையாது. அறிவிக்காத உரிமையை யார் வந்து கேட்பார்கள்?

இதோடு ஜார்ஜியா மாநிலத்துக் காப் மாவட்டத்தை வைத்துப் பாருங்கள். அங்கே திட்டக்குழுவின் துணை எழுத்தர் தொலைபேசிப் புத்தகத்தைப் பயன்படுத்தினார். அதில் இஸ்லாம், யெகோவா சாட்சிகள், யூதர், மார்மன் ஆகிய தலைப்புகளின் மேல் நீளமாக ஒரு கோடு கிழித்திருந்தது. அந்தக் கோடே நீதிமன்றத்துக்குச் சான்றாகப் போனது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தேர்வு முறை அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. கோடு கிழித்தவர் தோற்றார். கோடு கிழிக்காமலே அதே பலனைப் பெற்ற கிரீஸ் ஊர், அடுத்து வந்த வழக்கில் வென்றது. நீதிமன்றம் தேடியது கெட்ட எண்ணத்தை. கவனக்குறைவால் விடுபட்டவர்களுக்கு அதில் பரிகாரம் இல்லை. என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

கிரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மே 5 அன்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கென்னடி. அவர் நின்ற அடித்தளம் 1983-இன் நெப்ராஸ்கா வழக்கு. அந்த மாநிலச் சட்டமன்றம் 16 ஆண்டுகளாக ஒரே பிரெஸ்பிட்டேரியன் போதகருக்கு அரசுப் பணத்தில் சம்பளம் கொடுத்துப் பிரார்த்தனை செய்யவைத்தது. முதல் நாடாளுமன்றக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம் என்று சொல்லி அதை அனுமதித்தார்கள். கென்னடி அதை ஊர்மன்றத்துக்கும் நீட்டினார். பிரார்த்தனையின் வாசகத்தை அரசு திருத்தக் கூடாது. பாகுபாடு காட்டாதவரை, குருமாரைத் தேடி ஊர் எல்லை தாண்டிப் போகவேண்டிய கடமையும் இல்லை என்றார். எல்லையும் வைத்தார்: பிரார்த்தனைகள் காலப்போக்கில் பிற நம்பிக்கையை இழிவுபடுத்தினாலோ, நரகத்தைக் காட்டி மிரட்டினாலோ, மதமாற்றம் பேசினாலோ கூடாது. மன்றத்தார் பொதுமக்களைக் கலந்துகொள்ளச் சொன்னாலோ, கலந்துகொள்ளாதவரை அடையாளம் காட்டினாலோ வழக்கு வேறாகும்.

மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி கேகன் அறையைப் பார்த்தார். சட்டமன்றத்தில் குரு பேசுவது உறுப்பினர்களிடம். மக்கள் மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள். ஊர்மன்றம் சின்ன அறை. குரு நின்றது மக்களைப் பார்த்து, 'நாம் அனைவரும் ஜெபிப்போம்' என்றபடி. வந்திருந்த மக்களோ வேடிக்கைக்கு வரவில்லை, மனுவோடு வந்தவர்கள். வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி கேட்டு ஒரு முஸ்லிம் பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் கேகன். இயேசுவின் பெயரால் ஜெபம் தொடங்குகிறது. அவர் தலை குனிந்தால் தம் நம்பிக்கைக்கு மாறு. குனியாவிட்டால், சில நிமிடத்தில் தம் மனுவை முடிவு செய்யப்போகிறவர்கள் கண்ணெதிரே தனித்து நிற்கிறார். அமெரிக்காவில் கோயில் கட்ட நம்மவர் நில அனுமதி கேட்டு நிற்பதும் இத்தகைய உள்ளூர் மன்றங்களின் முன்னால்தான். அந்தப் பெண்ணின் இடத்தில் நம் கோயில் அறங்காவலர் ஒருவரை வைத்துப் பாருங்கள்.

இது வெறும் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் மாவட்டத்தில் மன்ற உறுப்பினர்களே ஜெபம் செய்தார்கள். மறுப்புச் சொன்னவர் இயற்கையை வழிபடுபவர். அவர் எழுந்து பேசியபோது ஓர் உறுப்பினர் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டினார். இன்னொருவர் அவரை அறிவிலி என்று பொருள்படத் திட்டினார். குப்பை மேலாண்மைத் திட்டக்குழுவில் இடம் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. ஆனாலும் 2017-இல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்கள் சேர்ந்த ஒரு வட்டத்துக்கு ஒன்று என இருக்கும் நீதிமன்றம்) 9-க்கு 6 என மாவட்டத்தின் பக்கம் நின்றது. அதே ஆண்டு நான்காவது வட்ட நீதிமன்றம் வட கரோலினாவின் ரோவன் மாவட்டத்தில் அதே வழக்கத்தை 10-க்கு 5 எனத் தடுத்தது. அங்கே ஐந்து உறுப்பினர்கள் முறைவைத்து ஜெபித்தார்கள். அவற்றில் 97 விழுக்காடு கிறித்தவ ஜெபங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் ரோவன் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. ஆகவே ஒரே வழக்கம் கரோலினாவில் தவறு, மிச்சிகனில் சரி.

புளோரிடாவின் பிரெவார்ட் மாவட்ட வழக்கு நமக்கு நேரடியாகப் படுவது. அங்கே உறுப்பினர்கள் தத்தம் விருப்பப்படி குருமாரை அழைத்தார்கள். நாத்திகர்கள் கேட்டபோது, பொதுமக்கள் பேசும் நேரத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ஓரிறை மதங்களுக்கு முன்னுரிமை, பல தெய்வங்களை வணங்குவோர் வெளியே என்ற நிலை வாக்குமூலங்களில் வெளிப்பட்டது. முருகனையும் அம்மனையும் ஒருசேரக் கும்பிடுபவர்கள் அந்தப் பட்டியலில் எங்கே இருந்திருப்பார்கள்? 2019-இல் நீதிமன்றம் அந்த முறையை அடித்துத் தள்ளியது.

பட்டியலை எல்லோருக்கும் திறந்தால் வேறொரு சோதனை வரும். 2016-இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் சாத்தான் ஆலயம் என்ற அமைப்பின் முறை வந்தது. நகரமன்றம் 5-க்கு 4 என வாக்களித்து, ஜெபத்தையே மௌனமாக மாற்றியது. பிறகு காவல், தீயணைப்புத் துறைக் குருமாரை வைத்து ஜெபத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. திறந்தவர்கள் திறந்தபடி இருக்கவேண்டும். இல்லையேல் தொடக்கத்திலேயே மௌனத்தோடு நிற்கவேண்டும். நான் மௌனத்தின் பக்கம்.

கூட்டத்துக்குச் சற்று முன்னதாக ஜெபத்தை முடித்துவிடலாமே என்பார்கள். கனடாவின் சாகெனே நகரம் 2008-இல் அப்படித்தான் விதி போட்டது: ஜெபத்துக்கும் கூட்டத் தொடக்கத்துக்கும் நடுவே இரண்டு நிமிடம். வெளியே நின்றவர் எல்லோர் பார்வையிலும் உள்ளே வரவேண்டும். 2015-இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜெபத்தை நிறுத்தச் சொல்லி, 30,000 டாலர் இழப்பீடும் விதித்தது. இங்கிலாந்து எதிர்த்திசையில் போனது. பிடஃபோர்டு ஊர்மன்றத்துக்குக் கூட்ட அலுவலாக ஜெபம் நடத்த 1972 சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று 2012-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2015-இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதிகாரம் கொடுத்தது.

ஜெபம் வேண்டுமென்றே ஓர் ஊர் முடிவு செய்தால், குறைந்தது இவற்றைச் செய்யட்டும். பட்டியலை ஊர் எல்லையோடு நிறுத்தாமல், ஊர் மக்கள் போய் வணங்கும் இடம் எங்கிருந்தாலும் அதைச் சேர்க்கட்டும். மதம் சாராத அமைப்புகளும் அதில் வரட்டும். ஆண்டுக்கு ஒரு முறை அனைவருக்கும் ஒரே வாசகத்தில் கடிதம் போகட்டும். பதில் வந்த வரிசையில் தேதி கொடுக்கட்டும். பேசுபவர் மன்றத்தாரைப் பார்த்து நிற்கட்டும், மக்களை எழச் சொல்லவேண்டாம். அன்று மனு விசாரணை இருந்தால், அது வேறு அமர்வுக்குப் போகட்டும்.

அமெரிக்காவில் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000 செப்டம்பரில் ஒஹாயோவின் பார்மா சிவா விஷ்ணு கோயில் அர்ச்சகர் பிரதிநிதிகள் சபையில் முதல் இந்துப் பிரார்த்தனை செய்தார். 2007 ஜூலையில் செனட்டில் முதல் இந்துப் பிரார்த்தனை நடந்தபோது பார்வையாளர் மாடத்திலிருந்து கூச்சலிட்டு இடையூறு செய்தார்கள். தலைநகரில் நடந்தது செய்தியாகிவிடும். உங்கள் ஊரில் பட்டியலில் விடுபட்டால் யாருக்கும் தெரியாது. ஆகவே ஊர் எழுத்தருக்குக் கடிதம் எழுதி, ஜெபக் கொள்கையின் எழுத்துப் படியைக் கேளுங்கள். பட்டியல் எந்தக் கையேட்டிலிருந்து, எந்த எல்லைக்குள் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். உங்கள் முறை வந்தால் தேவாரம் பாடுங்கள், அதன் பொருளை ஆங்கிலத்தில் இரண்டு வரியில் சொல்லுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலோடு திருப்தியடையாதீர்கள்; கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியை வாங்கி வையுங்கள். பிரெவார்ட் வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்தவற்றில், கேட்டு எழுதிய கடிதங்களும் மறுத்து வந்த பதிலும் அடக்கம்.