ஏட்டுச் சுரைக்காயும் கிளை நூலகத்து மேசையும்

(அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான கணிதப் பயிலரங்கைத் தொடங்கி வைத்து ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் வந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, காலையிலேயே வந்து பெஞ்சுகளை வட்டமாகத் திருப்பிப் போட்ட கணித ஆசிரியர்களே, மேசைமேல் இருக்கிற கத்தரிக்கோலையும் வண்ண அட்டையையும் எப்போது தொடலாம் என்று காத்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பொறுப்பேற்ற முன்னாள் மாணவர்களுக்கும் என் நன்றி.

இந்தப் பயிலரங்கு ஏன், ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி, தேர்வில் இதற்கு என்ன இடம் என்று மூன்று விஷயங்கள் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். முதல் விஷயத்துக்கு ஒரு பழமொழி போதும்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எந்த மேடையிலும் நான் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

ஒரு கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்தப் போயிருந்தேன். ஏற்றக்கோணம் என்றால் என்ன என்று கேட்டேன். உயரத்தில் இருப்பதை நிமிர்ந்து பார்க்கும்போது பார்வைக்கோடு கிடைமட்டத்தோடு உண்டாக்கும் கோணம் என்று எல்லோரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். சரி, வாங்க வெளியே என்று கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பாகைமானி, அதன் நேர்விளிம்பில் ஒட்டிய ஸ்ட்ரா, நடுத்துளையில் கட்டிய நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. கருவி அவ்வளவுதான். ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேல்விளிம்பை ஸ்ட்ரா வழியாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். நூல் 45 பாகையில் நிற்கிற இடத்தில் நாமும் நிற்க வேண்டும். 45 பாகையில் தூரமும் உயரமும் சமம் என்பதுதான் கணக்கு. இரண்டு குழுக்களும் 12 மீட்டர் தள்ளி நின்றன. ஒரு குழு உயரம் 12 மீட்டர் என்றது. இன்னொரு குழு 13 மீட்டர் 40 சென்டிமீட்டர் என்றது. சண்டை ஆரம்பித்தது. டேங்க் ஆபரேட்டர் அண்ணன் சத்தம் கேட்டு வந்து, “என்னப்பா, தொட்டிக்கு ஜாதகம் கணிக்கிறீங்களா?” என்றார்.

ஒரு பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. கணக்கில் தேறுவதே கஷ்டம் என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்த பிள்ளை. அவள் 12 மீட்டர் குழுவைப் பார்த்துக் கேட்டாள்: “நாம என்ன படுத்துக்கிட்டா பார்த்தோம்? நின்னுக்கிட்டுத்தானே பார்த்தோம்?” சுவரோரம் போய் நின்று, தன் கண்மட்டத்தில் ஒரு கோடு கிழித்துக் காட்டினாள். தரையிலிருந்து 1 மீட்டர் 40. கணக்கில் வந்தது கண்மட்டத்துக்கு மேலுள்ள உயரம் மட்டுமே; இதைத்தான் அந்தக் குழு கூட்ட மறந்திருந்தது. ஆபரேட்டர் அண்ணனுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. தொட்டிமேல் ஏறிக் கல் கட்டிய கயிற்றை இறக்கினார். கயிற்றைத் தரையில் நீட்டி அளந்தோம்: 13 மீட்டர் 30. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. பாடப்புத்தகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் அந்தச் சத்தம்?

சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் இந்த வழியில்தான் வாழ்நாள் முழுக்க நடந்தார். காகிதம் மடித்தும் வெட்டியும் ஒட்டியும் கணிதம் கற்பித்தவர். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை 1993-இல் நிறுவியவரும் அவரே. அரசும் 2022 நவம்பரில், அறிவியலையும் கணிதத்தையும் செய்துபார்த்துக் கற்க வானவில் மன்றம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வரவேற்கிறேன். ஆனால் அது ஆறு முதல் எட்டு வகுப்பு வரைக்குமானது. ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்கு மறுபடி ஏட்டுச் சுரைக்காய்தானா?

மற்ற இரண்டு விஷயங்களையும் ஆசிரியர் அமர்வில் பேசுவார்கள். நான் நூலகத்துக்கு வருகிறேன். கணக்குக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இந்திய நூலகத் துறைக்குத் தந்தை என்று நாம் கொண்டாடும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் அடிப்படையில் கணித ஆசிரியர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர்தான் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1948-இல் வந்த நம் பொது நூலகச் சட்டத்தின் பின்னால் இருப்பது அவருடைய உழைப்பு. கும்பகோணத்துப் பையன் ராமானுஜனுக்குப் பதினாறு வயதுவாக்கில் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு, கல்லூரி நூலகத்துப் புத்தகம். சுமார் 5,000 முடிவுகள், விளக்கம் மிகக் குறைவு. அவற்றை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். நூலகத்து ஏட்டைக் கறியாக்கியவர் அவர்.

வீட்டு வரியோடு நாம் எல்லோரும் நூலக வரியும் கட்டுகிறோம். ஊர்தோறும் கட்டடம் இருக்கிறது, மேசை இருக்கிறது, நூலகர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், ஒரு மேசை, ஒரு பெட்டி நிறைய அட்டை, நூல், பாகைமானி, கூடவே ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார். நான் கேட்பது இவ்வளவுதான். பயிலரங்கு இன்று சாயங்காலம் முடிந்துவிடும். அந்த மேசை வாராவாரம் இருக்கும். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

மாவட்ட நூலக அலுவலருக்கு இதைக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். பின்வரிசை மேசையில் இருக்கிறது. பெற்றோர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கல்வி அலுவலர் அவர்களும் தம் பரிந்துரையை இணைத்துத் தர வேண்டும் என்று இந்த அவையின் முன் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளே, இப்போது கத்தரிக்கோலை எடுக்கலாம். நன்றி, வணக்கம்.