மூணு புளியங்கொட்டை

(பெற்றோர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கைக்குழந்தையோடு வந்திருப்பவர்கள் பின்னால் நிற்க வேண்டாம், முன்வரிசைக்கே வாருங்கள். குழந்தை அழுதால் அழட்டும். 26 வருடம் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தவள் நான், அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் எனக்குப் பேச்சு வராது.

ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். நாலு வயது முடியவில்லை. அவள் அம்மா என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "டீச்சருக்குச் சொல்லிக் காட்டு கண்ணு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, ஒன், டூ, த்ரீ என்று ஐம்பது வரை ஒரே மூச்சில் சொன்னாள். ஓரிடத்திலும் தடங்கல் இல்லை. நானும் கைதட்டினேன். மேசையில் புளியங்கொட்டைக் கிண்ணம் இருந்தது. அதை அவள் பக்கம் நகர்த்தி, "எனக்கு மூணு கொட்டை எடுத்துத் தர்றியா?" என்று கேட்டேன். உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். பதினொன்று இருந்தது. "இது மூணா?" என்றேன். "ஆமா" என்றாள், கொஞ்சமும் சந்தேகமில்லாமல். தமிழில் கேட்டதால் குழம்பினாளோ என்று "த்ரீ" கேட்டுப் பார்த்தேன். இன்னொரு பிடி வந்தது.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதே இல்லை. அந்தப் பிள்ளைக்கு நல்ல காது, நல்ல நினைவு. ஐம்பது சொற்கள் உள்ள ஒரு பாட்டை வரிசை மாறாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள். அந்தச் சொற்களுக்கும் கொட்டைகளுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்பதைத்தான் அவளுக்கு யாரும் காட்டவில்லை. அதனால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நூறு வரை ஓட்டிக்கொண்டு போகும் அவசரத்தை விடுங்கள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குழந்தையைக் கொஞ்ச காலம் குடியிருக்க விடுங்கள்.

கிண்ணத்திலிருந்து எடுத்துத் தரச் சொல்லும் இந்த முறை நான் கண்டுபிடித்ததில்லை. கேரன் வின் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1990இல் இதை வைத்துச் செய்த ஆய்வு பெயர் பெற்றது. அவர் பார்த்தது இது. பத்து வரை சொல்லத் தெரிந்த குழந்தைகூட முதலில் 'ஒண்ணு' என்பதன் பொருளை மட்டும்தான் பிடிக்கிறது. ஒண்ணு கேட்டால் ஒண்ணு தரும். ரெண்டு கேட்டாலும் அஞ்சு கேட்டாலும் ஒரு பிடி அள்ளித் தரும். சில மாதம் கழித்து 'ரெண்டு' பிடிபடும். இன்னும் சில மாதம் போனால் 'மூணு'. அதற்குப் பிறகுதான், எண்ணினால் விடை கிடைக்கும் என்ற பெரிய உண்மை ஒருநாள் உள்ளே இறங்குகிறது. முதல் படியிலிருந்து இங்கே வந்துசேர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கிறது. உங்கள் குழந்தை 'ரெண்டு' வரை வந்து நிற்கிறதென்றால் அது மந்தமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாக் குழந்தையும் நடந்து போகும் பாதை அது.

இன்று ராத்திரியே வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்று: மூன்று வயதுக்குக் கீழே என்றால் புளியங்கொட்டை, கடலை எதுவும் வேண்டாம், வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். எலுமிச்சம்பழம், ஸ்பூன், வெங்காயம் என்று பெரிய பொருளாக வையுங்கள். தப்பாகத் தந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, அவள் கண்ணெதிரே எண்ணி, வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுங்கள்.

எண்ணுவது நமக்கு ஒரே செயல். குழந்தைக்கு அது பல வேலைகள் சேர்ந்த வேலை. ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் சொல்ல வேண்டும். சொற்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியில் சொன்ன சொல் மொத்தக் கூட்டத்துக்கும் உரியது. ரோச்செல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இருவரும் 1978இல் இவற்றை முறைப்படுத்தி எழுதினார்கள். இவற்றில் மூன்றாவதுதான் கடினம். அது எவ்வளவு கடினம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஒரு பையன். கையை விரித்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று சரியாக எண்ணினான். "அப்போ அஞ்சு விரலைக் காட்டு" என்றேன். மற்ற நாலையும் மடக்கிச் சுண்டுவிரலை மட்டும் நீட்டினான்.

அவனைப் பொறுத்தவரை அது நியாயமான விடை. சுண்டுவிரலைத் தொட்டபோதுதானே 'அஞ்சு' என்றோம். வரிசையில் நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டுப் பெயர் சொல்வதுபோல அவனுக்குக் கேட்டிருக்கிறது. 'எத்தனை' என்பதும் 'எத்தனையாவது' என்பதும் அவனிடம் இன்னும் பிரியவில்லை. அன்றிலிருந்து எண்ணி முடித்ததும் கையால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு... மொத்தம் மூணு" என்று சொல்ல ஆரம்பித்தேன். பிறகு மறு கோடியிலிருந்து எண்ணுவோம். அப்போதும் மூணு. நடுவிலிருந்து எண்ணினாலும் மூணு. பெயர் என்றால் பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், எண் அப்படி ஒட்டாது என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள்.

இனி எண்ணாமலே தெரியும் எண்கள். ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர், 1871இல், தன் மேலேயே ஒரு சோதனை செய்தார். கறுப்பு அவரை விதைகளைக் கைநிறைய அள்ளி ஒரு வெள்ளைப் பெட்டியின் மேல் வீசுவார். பெட்டிக்குள் விழுந்தவை எத்தனை என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டு, பிறகு எண்ணிப் பார்ப்பார். ஆயிரம் தடவைக்கு மேல் செய்தார். மூன்றிலும் நான்கிலும் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்தில் தவறு தொடங்கியது.

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் பல்லாங்குழி நினைவுக்கு வந்தது. விதி ஊருக்கு ஊர் மாறும், எங்கள் வீட்டில் குழிக்கு ஐந்து கொட்டை. அள்ளிப் போட்டுக்கொண்டே போகும்போது ஏதாவது ஒரு குழியில் நாலு சேர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் பசு. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பார்க்காமல் விட்டால் அடுத்த கொட்டை விழுந்து அஞ்சாகிவிடும், பசு போய்விடும். பாட்டியின் கை போகிற வேகத்தில் ஒவ்வொரு குழியாக விரல் வைத்து எண்ண எனக்கு ஏது நேரம்? கண்ணாலேயே பிடிக்க வேண்டும். மனிதக் கண் எண்ணாமல் பிடிக்கும் எல்லை நாலு என்று ஜெவன்ஸ் ஆயிரம் தடவை வீசிக் கண்டார். பாட்டியின் பசுவும் அதே நாலில்தான் நிற்கிறது. அடுப்படி ஓரம் உட்கார்ந்து ஆடிய ஆட்டத்துக்குள் எவ்வளவு படிப்பு இருந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

இதை நீங்கள் வீட்டில் செய்ய ஒரு துண்டும் ஐந்து கொட்டையும் போதும். துண்டை எடுத்துக் காட்டிச் சட்டென்று மூடுங்கள். "எத்தனை பார்த்தே?" முதலில் ஒண்ணு, ரெண்டு. பல நாள் கழித்து மூணு. ஐந்துக்கு வரும்போது சிதறிப் போடாமல் ரெண்டும் மூணுமாகப் பிரித்து வையுங்கள். கோலத்துக்கு வரிசையாகப் புள்ளி வைக்கும்போது பக்கத்தில் குழந்தை இருந்தால் இன்னும் நல்லது.

அக்காமார்கள் ஆடும் அஞ்சாங்கல்லைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கல் மேலே போகிறது, தரையில் நாலு கல். முதல் சுற்றில் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள். அடுத்தது இரண்டிரண்டாக. அதற்கடுத்து மூன்றும் ஒன்றும். கடைசியில் நாலையும் ஒரே வாரில் அள்ளுகிறாள். கல் கீழே வருவதற்குள் கை முடிவு செய்துவிடுகிறது. மூன்றும் ஒன்றும் நான்கு என்று நாம் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே அந்தக் கைக்கு அது தெரியும். மூன்று வயதுத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். விரட்டாதீர்கள்.

அடுத்து நம் பேச்சு. வீட்டில் ஒண்ணு, ரெண்டு, மூணு. பாடப்புத்தகத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. பள்ளி வேனில் ஏறினால் ஒன், டூ, த்ரீ. மூன்று வயதில் மூன்று வரிசையையும் சேர்த்துத் தலையில் ஏற்றினால் குழந்தை பாவம் என்ன செய்யும்? 'அஞ்சு' கொச்சை, 'ஐந்து' என்று சொல் என்று திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இப்போது வேண்டாம். சோறு ஊட்டும்போது எந்தச் சொல்லோ, எண்ணும்போதும் அதே சொல் இருக்கட்டும். பொருள் பிடிபட்ட பிறகு மற்ற இரண்டு வரிசையும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பத்தைத் தாண்டும்போது நம் மொழி கூடுதலாகக் கைகொடுக்கும், 'பதினொண்ணு' என்பதற்குள் பத்தும் ஒண்ணும் காதில் விழுகின்றன, 'இலெவன்' என்பதில் விழுவதில்லை. சீனத்திலும் பதினொன்று என்பது பத்து-ஒன்றுதான். சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 1995இல் வந்த ஆய்வில், பத்து வரை இரு பக்கமும் ஒன்றுபோலவே சொன்னார்கள், அதைத் தாண்டியதும் சீனக் குழந்தைகள் முந்தினார்கள். தொண்ணூறில் மட்டும், உள்ளே 'நூறு' போலக் காதில் விழுவதால், தமிழ் நம்மைக் கொஞ்சம் சோதிக்கும். அது தூரத்தில் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. "ரெண்டே ரெண்டு வாய் வாங்கிக்கோடா" என்று சொல்லிவிட்டு எத்தனை வாய் ஊட்டுகிறோம்? எட்டு, பத்து. "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று போனால் அரை மணி நேரம். "பத்து தடவை சொல்லியாச்சு", "நாலு பேரு என்ன சொல்லுவாங்க". பெரியவர்களுக்குள் இது அழகான பேச்சு. ஆனால் ரெண்டு என்றால் என்ன என்று தேடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, 'ரெண்டு' என்றால் 'கொஞ்சம்' என்றுதானே படும்? அந்தச் சிறுமி மூணு என்றதும் ஒரு பிடி அள்ளித் தந்தாளே, அதில் நம் பங்கும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஆகவே ரெண்டு வாய் என்றால் ரெண்டு வாய் ஊட்டி நிறுத்துங்கள். "ஒண்ணு... ரெண்டு. ரெண்டு முடிஞ்சுது." இன்னும் வேண்டுமென்றால் புதிதாக ஒரு ரெண்டு கேளுங்கள். வயிறும் நிறையும், எண்ணும் நிற்கும்.

சொல்லின் இடத்தைக்கூடக் கவனிக்கலாம். "மூணு பழம்" என்றும் சொல்கிறோம், "பழம் மூணு இருக்கு" என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் பேசும் சிறு குழந்தைகளிடம் 2011இல் ராம்ஸ்கர் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் நடத்திய ஆய்வில், பொருளை முதலில் சொல்லி எண்ணைப் பின்னால் சொன்ன முறையில் பயின்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். பொருளின் மேல் பார்வை நிலைத்த பிறகு எண் வந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தில் அதற்கு வாக்கியத்தைத் திருப்பிப்போட வேண்டும். நமக்கு வாயில் இயல்பாகவே வருகிறது. "பாரு, காக்கா ரெண்டு." "உன் தட்டுல இட்லி மூணு."

எவ்வளவு பேச வேண்டும் என்று கேட்பீர்கள். சிகாகோவில் 44 குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து முறை ஒன்றரை மணி நேரம் பேச்சைப் பதிவு செய்தார்கள். அந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு வீட்டில் பெற்றோர் சொன்ன எண் சொற்கள் மொத்தம் 4. இன்னொரு வீட்டில் 257. அதிகம் கேட்ட குழந்தைகள் நாலு வயதுக்கு அருகில் எண்களின் பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள். நம் அங்கன்வாடியில் இதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. தட்டு வைக்கும்போது ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு முட்டை. ஆயாம்மா வைப்பதற்குப் பதில் ஒரு குழந்தை வைக்கட்டும். ஒருவருக்கு முட்டை வரவில்லை என்றால் அது எங்கே தப்பிப்போனது என்று அந்தக் கூட்டமே தேடும்.

எழுதுவதைக் கடைசியில் வைக்கிறேன், வாழ்க்கையிலும் அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றிலிருந்து நூறு வரை வீட்டுப்பாடம் கொடுத்த பள்ளியை எனக்குத் தெரியும். பென்சில் பிடித்த விரல் சிவந்து, அழுதபடி எழுதிய அந்த நோட்டைப் பார்த்து அன்று நான் தூங்கவில்லை. சிறு குழந்தைகளுக்கான கல்வி முறை ஒன்றை உருவாக்கிய இத்தாலியரான மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் முறையில் எண்ணுருவை முதலில் விரலால் தடவ வேண்டும், உப்புத்தாளில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியதும், நாம் விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைப்பதும் அதே வழிதான். அந்தத் தாம்பாளத்தை வருடம் முழுக்க வெளியே வைத்திருங்கள். மாண்டிசோரி குச்சிப் பெட்டியில் அறைக்கு ஒரு எண், அந்த எண்ணளவு குச்சி போட வேண்டும். முதல் அறை பூஜ்யத்துக்கு, அதில் எதுவும் போடக்கூடாது. முறுக்கு தீர்ந்த தட்டைக் காட்டி "ஒண்ணுமில்லே" என்று நாமும் அதைச் சொல்லிக்கொடுக்கலாம். 2ஐயும் 3ஐயும் திருப்பிப்போட்டு எழுதினால் பதற வேண்டாம், ஆறேழு வயது வரை பல குழந்தைகள் அப்படி எழுதுவார்கள்.

கட்டம் போட்டு ஆடுவதும் உண்டு. ஒன்றிலிருந்து பத்து வரை வரிசையாகக் கட்டம், காயை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008இல், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சில நாள், கால் மணி நேரம்போல இதை ஆட வைத்தார்கள். எண் அறிவு கூடியது, ஒன்பது வாரம் கழித்தும் அது நின்றது. ஒரு நுட்பம் மட்டும்: காய் நாலில் நின்று ரெண்டு விழுந்தால், "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தாமல் "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தின் பெயரைச் சொல்லி நகர்த்த வேண்டும். சாக்பீஸால் தரையில் வரைந்தாலே போதும்.

பின்வரிசை மேசையில் ஆறு பல்லாங்குழி வைத்திருக்கிறேன். புளியங்கொட்டை கழுவிக் காயவைத்தது. குழந்தையோடு வந்தவர்கள் போவதற்கு முன் ஒரு ஆட்டம் உட்காருங்கள். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் மடியிலிருந்தே பார்க்கட்டும், கொட்டை கையில் வேண்டாம். குழந்தை பக்கத்தில் நாலு சேர்ந்தால் நீங்கள் "பசு" என்று கத்திவிடாதீர்கள். வாயை மூடிக்கொண்டு, அவள் கண் அந்தக் குழிக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.