இரண்டு சித்தூர்களின் பாட்டு

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். பிடித்த பழைய பாட்டுகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும். எங்கள் பக்கத்தில் பாட்டு என்று பேச்செடுத்தால், எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் பேர்தான் முதலில் வரும். அது நியாயம்தான். ஆனால் இன்றைக்கு எனக்குக் கிடைத்த நேரம் எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் பிறந்த பாடகி பி.லீலாவுக்கு. பின்னணி பாடும் முறை மலையாளப் படத்தில் முதன்முதலாக வந்தது 1948இல், 'நிர்மலா'வில். அதிலேயே பாடியவர். இப்போது பலருக்கு அவர் குருவாயூரில் கேட்கிற நாராயணீயத் துதியின் குரல் மட்டும்தான். எனக்கு அது போதாது.

என் அம்மாவுக்கு லீலா என்றால் உயிர். திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே இலங்கை வானொலி கேட்பார். சில நேரம் பாட்டு அப்படியே தேய்ந்துபோய் இரைச்சல் மட்டும் வரும். அம்மா கையை நிறுத்தாமல், விட்ட இடத்திலிருந்து தானே பாடுவார். பாட்டு திரும்பி வரும்போது லீலா எந்தச் சொல்லில் இருக்கிறாரோ அந்தச் சொல்லில்தான் அம்மாவும் இருப்பார். யாரிடமும் பாட்டுக் கற்றவர் இல்லை, எல்லாம் கேள்வி ஞானம். 'உத்தமபுத்திரன்' படத்தில் ஜி.ராமநாதன் இசையில் வந்த 'காத்திருப்பான் கமலக்கண்ணன்' பாட்டுக்கு மட்டும் கை நின்றுவிடும். முறம் மடியிலேயே கிடக்கும்.

என் அத்தையை ஆந்திராவில் நகரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்போது அது சித்தூர் மாவட்டம். லீவுக்கு வந்தால், "அண்ணி, ஏ.எம்.ராஜா எங்க சித்தூராக்கும்" என்று ஆரம்பிப்பார். "இருக்கட்டும், லீலா எங்க சித்தூர்" என்பார் அம்மா. நாத்தனார் இருவருக்கும் ஒத்துப்போன பாட்டு ஒன்றே ஒன்று: 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் ராஜாவும் லீலாவும் சேர்ந்து பாடிய 'வாராயோ வெண்ணிலாவே'.

வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இரண்டு பேர், ஒருவரைப் பற்றி ஒருவர் நிலாவிடம் குறை சொல்கிற பாட்டு அது. தெலுங்கு 'மிஸ்ஸம்மா'விலும் எஸ்.ராஜேஸ்வரராவின் அதே மெட்டுதான், அதே இரண்டு குரல்கள்தான். ஒரு மலையாளப் பெண்ணும் ஒரு தெலுங்குக்காரரும் இவ்வளவு சுத்தமாகத் தமிழ் பாடியிருக்கிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். எல்லையில் இருக்கிற எங்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை, பெருமை நிறைய உண்டு.

லீலா 2005இல் காலமானார். பத்மபூஷண் விருது அடுத்த வருஷம்தான் வந்தது. அவர் இருக்கும்போதே கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, அந்தப் பாட்டையே இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். ராஜா தன் குறையைச் சொல்லி முடித்ததும் லீலா தொடங்குகிற இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். புகார்தான் சொல்கிறார், ஆனால் குரலில் கோபம் துளியும் இருக்காது. வணக்கம்.