18 நாள் பொறுமையின் விலை 52,000 ரூபாய்: கப்பல் பயணத்தை ரத்து செய்வதா, வைத்துக்கொள்வதா?

[திரையில்: ஒரே கப்பலுக்கான இரண்டு பயணச் சீட்டுகள்]

ஒரே கப்பல், ஒரே தளம், அடுத்தடுத்த இரண்டு அறைகள். இரண்டுக்கும் கட்டிய தொகை தலா 1,04,000 ரூபாய். கப்பலோ கடைசிவரை கிளம்பவே இல்லை. இருந்தும் காட்பாடி காந்தி நகரில் இருக்கும் என் அத்தைக்கு முழுப் பணமும் திரும்பி வந்தது; சத்துவாச்சாரியில் இருக்கும் அவருடைய சம்பந்தி வீட்டாருக்குப் பாதிதான் வந்தது. மீதி 52,000 ரூபாய் எங்கே போயிற்று என்பதைத்தான் இந்தக் காணொளியில் பார்க்கப்போகிறோம். பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்; பணம் தொலைந்த இடம் நீங்கள் நினைக்கும் இடம் அன்று.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி, 2020 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு, வேலூரில் உள்ள ஒரு முகவர் வழியாக 2019 டிசம்பரில் இரு குடும்பங்களும் முன்பணம் கட்டின. பாலாற்றில் தண்ணீரைப் பார்ப்பதே அதிசயமான ஊரிலிருந்து இரண்டு குடும்பங்கள் கடலுக்குப் போகின்றன என்று உறவினர் எல்லோரும் கேலி செய்தார்கள். அவ்வளவுதான் பின்னணி.

கப்பல் முன்பதிவில் யாரும் படிக்காத ஒரு பக்கம் உண்டு. ரத்துக் கட்டண அட்டவணை என்பது அதன் பெயர். பயண நாள் நெருங்க நெருங்க, நாம் இழக்கும் பங்கு படிப்படியாக ஏறும். நிறுவனத்துக்கு நிறுவனம் படிகள் மாறும். இவர்களுடைய சீட்டில் 60 நாளுக்கு முன்பு ரத்து செய்தால் முன்பணம் மட்டும் போகும். 60 நாளுக்குள் என்றால் பாதி போகும். 30 நாளுக்குள் என்றால் முழுவதும் போகும். பாக்கித் தொகையைக் கட்டக் கடைசி நாளும் அந்த அறுபதாவது நாள்தான். காலண்டரில் எண்ணிப் பாருங்கள், 2020 பிப்ரவரி 27.

அந்தத் தேதியை நான் மறக்க மாட்டேன். ஏனென்றால் அன்று காலைதான், ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் முடங்கிக் கிடந்த 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலிலிருந்து மீட்கப்பட்ட 119 இந்தியர்கள் ஏர் இந்தியா விமானத்தில் டெல்லியில் வந்து இறங்கினார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் 712 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது. தோராயமாக ஐந்தில் ஒருவர். தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாக்கித் தொகையைக் கட்டுவதற்காக மாமா வங்கிக்குக் கிளம்பினார் என்றால் அவருடைய நெஞ்சுரத்தை நீங்களே எடை போட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், முன்பணத்தோடு விட்டுவிட்டு வெளியேறுவதற்கு அன்று ஒன்றுதான் நியாயமான நாள். இரு வீட்டாரும் அதைத் தவறவிட்டார்கள். இதில் அத்தை வீட்டாருக்குத் தனிப் பெருமை எதுவும் இல்லை.

இனிதான் கதை பிரிகிறது. மார்ச் 4 அன்று சம்பந்தி அம்மாள் பயந்துபோய்ப் பயணத்தை ரத்து செய்தார். பயண நாளுக்கு இன்னும் 54 நாள் இருந்தது. அட்டவணைப்படி பாதித் தொகை பிடிக்கப்பட்டது. அத்தையும் ரத்து செய்யத்தான் துடித்தார். வங்கியில் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமா மட்டும், "இன்று ரத்து செய்தாலும் பாதி போகும், இன்னும் மூன்று வாரம் கழித்து ரத்து செய்தாலும் அதே பாதிதான் போகும். பிறகு இன்றைக்கே ஏன் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். முழு விஷயமும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு படிக்குள் நுழைந்த முதல் நாளில் ரத்து செய்வதற்கும் அந்தப் படியின் கடைசி நாளில் ரத்து செய்வதற்கும் காசில் வேறுபாடு இல்லை. ஆனால் இடைப்பட்ட நாட்களில் உலகம் மாறிவிடலாம்.

உலகம் மாறவும் செய்தது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 13 அன்று சிங்கப்பூர் தன் துறைமுகத்தைச் சுற்றுலாக் கப்பல்களுக்கு மூடியது. மார்ச் 22 நள்ளிரவோடு இந்தியாவுக்கு வரும் பன்னாட்டு விமானங்கள் நின்றன. அதே மார்ச் 22 அன்று, அதாவது சம்பந்தி அம்மாள் ரத்து செய்த 18ஆம் நாள், கப்பல் நிறுவனம் தானாகவே பயணத்தை ரத்து செய்வதாக மின்னஞ்சல் அனுப்பியது. நாம் "வரவில்லை" என்று சொன்னால் அட்டவணை நம்மேல் பாயும். அவர்கள் "கப்பல் போகாது" என்று சொன்னால் அந்த அட்டவணைக்கு வேலையே இல்லை, முழுத் தொகையையும் திருப்பித் தந்தாக வேண்டும். துறைமுகம் மூடிய பிறகும் முந்திக்கொண்டு ரத்து செய்தவர்கள், தங்களுக்கு வரவேண்டிய பணத்தைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள்.

[திரையில்: மின்னஞ்சலில் இரண்டு பொத்தான்கள்]

அந்த மின்னஞ்சலில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 1,04,000 ரூபாயைப் பணமாகவே பெற்றுக்கொள்வது. மற்றொன்று, அதைவிடக் கால் பங்கு கூடுதலாக, 1,30,000 ரூபாய் மதிப்புள்ள வருங்காலப் பயண வரவாக வைத்துக்கொள்வது. இந்த நூற்று இருபத்தைந்து சதவீத வரவை அந்த நாட்களில் ராயல் கரீபியன் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் அறிவித்திருந்தன. பார்த்தவுடன் கை இரண்டாவது பொத்தானுக்குத்தான் போகும். அத்தையின் கையும் போனது.

வேலூர் லாங்கு பஜாரில் ஒரு துணிக்கடையில் எடுத்த புடவையைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். "பணம் தருவதில்லை அம்மா, இதே விலைக்கு வேறு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டை நீட்டுவார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் வியாபாரிகளைக் கேட்டால் இதைக் கிரெடிட் நோட்டு என்பார்கள். அந்தச் சீட்டுக்கு மதிப்பு வேண்டுமென்றால் மூன்று நிபந்தனைகள் ஒன்றாக நிறைவேற வேண்டும்: கடை திறந்திருக்க வேண்டும், நாம் கடைக்குப் போக முடிய வேண்டும், நமக்குப் பிடித்த புடவை அதே விலைக்கு அங்கே இருக்க வேண்டும். கப்பல் வரவுக்கும் இதே மூன்றுதான்.

நாம் கடைக்குப் போக முடிந்ததா? இந்தியாவின் வழக்கமான பன்னாட்டு விமானச் சேவை 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. நடுவில் இரண்டு ஆண்டுகள். ஓராண்டு செல்லுபடியாகும் வரவைக் காட்பாடியில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு என்ன செய்வது? பல நிறுவனங்கள் காலக்கெடுவை நீட்டித்தன என்பது உண்மை. ஆனால் நீட்டிப்பதும் நீட்டிக்காததும் அவர்கள் கையில்தான் இருந்தது. சிங்கப்பூரை விடுங்கள், 2020 ஏப்ரலில் நம் மாவட்ட நிர்வாகம் குடியாத்தம் பக்கம் ஆந்திர எல்லைச் சாலையின் குறுக்கே சுவரே எழுப்பியது; கண்டனம் எழுந்ததும் அதை இடித்தார்கள். சித்தூருக்கே சுவர் தடுத்த நாளில் சிங்கப்பூருக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்த காலமாக இருந்தாலாவது பரவாயில்லை. 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்த புண்ணியத்தில், ஆற்காட்டில் இருக்கும் பெண்ணைப் பார்த்துவரவும் அத்தை இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது.

கடை திறந்திருந்ததா? சிங்கப்பூரிலிருந்து கப்பல்களை ஓட்டிய ட்ரீம் குரூசஸின் தாய் நிறுவனமான கெண்டிங் ஹாங்காங், 2022 ஜனவரியில் தன்னைக் கலைத்துவிடும்படி பெர்முடா நீதிமன்றத்தை நாடியது. ஒரு நிறுவனம் திவாலாகும்போது வங்கிகள் முன்வரிசையில் நிற்கும். பயண வரவு வைத்திருக்கும் சாதாரணப் பயணி கடைசி வரிசையில் நிற்பார். நூற்று இருபத்தைந்து சதவீதமாக இருந்தாலும் வரிசை மாறாது. எனவே கால் பங்கு கூடுதல் என்பது பரிசு அன்று. நம் பணத்தை வட்டியில்லாக் கடனாக விட்டுவைப்பதற்கு அவர்கள் காட்டும் ஆசை. இது என் கருத்து. ஒத்துக்கொள்ளாதவர்கள் கருத்துப் பெட்டியில் திட்டலாம், நான் படிக்கிறேன்.

மாமா பணத்தைத்தான் கேட்டார். ஏழு மாதம் கழித்து வந்தது. விமானச் சீட்டுக்கான பணத்தின் கதை வேறு: 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஊரடங்கில் ரத்தான விமானங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும், பணமுடை உள்ள நிறுவனங்கள் வரவாக வைத்தால் 2020 ஜூன் வரை மாதம் 0.5 சதவீதமும் அதன்பின் 0.75 சதவீதமும் மதிப்பைக் கூட்ட வேண்டும் என்றும், 2021 மார்ச் வரை பயன்படுத்தப்படாத தொகையைப் பணமாகத் தந்துவிட வேண்டும் என்றும் வகுத்தது. அந்தத் தீர்ப்பின் பாதுகாப்பு கப்பலுக்குக் கிடையாது. ஒரே பயணத்தில் வானத்தில் ஒரு சட்டம், கடலில் ஒரு சட்டம்.

[திரையில்: கடல் நடுவே ஒரு கப்பல், போகும் ஊரின் பெயர் காலி]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஒரு விசித்திரத்தைத் தொடங்கியது. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டும், கப்பலின் கொள்ளளவில் பாதிப் பேர் மட்டும் ஏறலாம். கப்பல் எந்த ஊருக்கும் போகாது. கடலில் சுற்றிவிட்டுப் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், திருவண்ணாமலை கிரிவலம்தான். கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வதற்காகப் பதினான்கு கிலோமீட்டர் நடப்பவர்கள் நாம். வேடிக்கை என்னவென்றால், அந்த மாதங்களில் இங்கே கிரிவலத்துக்குத் தடை. அங்கே கடல்வலத்துக்கு அனுமதி.

டிசம்பரில் 'குவாண்டம் ஆஃப் த சீஸ்' என்ற கப்பல் அப்படிச் சுமார் 1,700 பயணிகளோடு கிளம்பியது. வயிற்றுப்போக்கு என்று கப்பலின் மருத்துவ அறைக்குப் போன 83 வயது முதியவருக்கு, விதிப்படி தொற்றுச் சோதனை செய்தார்கள். தொற்று இருப்பதாக முடிவு வந்தது. கப்பலைத் திருப்பினார்கள். பயணிகள் எல்லோரும் அறைகளுக்குள் அடைபட்டார்கள், சாப்பாடு வாசலுக்கு வந்தது, நாடு முழுவதும் செய்தி. பிறகு அவருடைய பழைய மாதிரியையும் புதிய மாதிரியையும் தேசிய ஆய்வகம் சோதித்தபோது, அவருக்குத் தொற்றே இல்லை! யாருக்கும் நோய் இல்லாமலேயே ஒரு பயணம் முடிந்துபோனது. அடுத்த அறைக்காரரின் வயிறு சரியில்லாமல் போனால் நம் விடுமுறையும் அதோடு முடிகிறது என்பதை எந்த அட்டவணையும் சொல்வதில்லை.

இதை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் காத்திருந்தவர் வென்றார், ஏனென்றால் கப்பல்கள் மொத்தமாக நின்றன. 2022 ஜனவரியில் அதே உத்தியைப் பிடித்தவர் தோற்றிருப்பார், ஏனென்றால் அப்போது கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மாதத் தொடக்கத்தில் சுமார் 2,000 பேரோடு மும்பையிலிருந்து கோவாவுக்குப் போன கார்டீலியா கப்பலில் 66 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டு, கப்பல் மும்பைக்கே திரும்பியது. கப்பல் கிளம்பும் என்ற நிலையில் நிறுவனம் ரத்து செய்யும் என்று காத்திருந்தால், முழுத் தொகையும் போகும் படிக்குள் நாமே நடந்து போய் விழுவோம். ஆகவே துறைமுகமும் எல்லையும் மூடிக்கொண்டே வருகின்றனவா, திறந்துகொண்டே வருகின்றனவா என்று பாருங்கள். மூடினால், படியின் கடைசி நாள்வரை அசையாதீர்கள். திறந்தால், உங்கள் உடல்நிலையைப் பார்த்து அடுத்த படிக்கு முந்தைய நாளே முடிவெடுங்கள். மாமாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. உலகமே சிகிச்சைக்குத் தேடிவரும் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஊரிலிருந்து கிளம்பி, ஒரே ஒரு மருத்துவ அறை உள்ள இடத்துக்கு, டாலரில் மருத்துவக் கட்டணம் செலுத்தும் உரிமையோடு போகிறோம் என்பதை வயதானவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

காப்பீட்டைப் பற்றி ஒரே வரி: தொற்று ஊரறிந்த செய்தியான பிறகு வாங்கிய சாதாரணப் பயணக் காப்பீடு, பயந்து ரத்து செய்வதற்கு ஈடு தராது. வரியைப் பற்றியும் ஒரே வரி: 2020 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முகவர் பிடிக்கும் வரி (தொடக்கத்தில் 5 சதவீதம்), பயணம் ரத்தானாலும் உங்கள் நிரந்தரக் கணக்கு எண்ணில்தான் (பான்) ஏறியிருக்கும், அதை வருமான வரிக் கணக்கில் கேட்டுப் பெறலாம்.

சட்டத்துக்கு வருவோம். கப்பல் சீட்டின் பொடி எழுத்தில், வழக்கு என்றால் இன்ன வெளிநாட்டு நகரத்தில்தான் என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் கப்பலில் வழுக்கி விழுந்த ஒரு பெண்மணி தன் சொந்த மாநிலத்தில் வழக்குத் தொடுத்தபோது, சீட்டில் ஃபுளோரிடா என்றிருப்பதால் அங்கேதான் போக வேண்டும் என்று 1991இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம் என்கிறது. காட்பாடிக்காரர் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ஷேர் ஆட்டோவிலேயே போய்விடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தை அங்கே வரவழைப்பது எளிதன்று. கையில் பிடிபடுபவர் பணம் வாங்கிய உள்ளூர் முகவர்தான். அதனால் ரசீது அவர் பெயரில், அவர் முத்திரையோடு இருக்கிறதா என்று பணம் கட்டும் நாளிலேயே பாருங்கள். சம்பந்தி வீட்டாரிடம் இருந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டுமே.

பணம் திரும்பி வந்த அடுத்த பொங்கல் கழித்து, அத்தையின் ஆசைக்காக மாமா எல்லோரையும் ஏலகிரிக்கு அழைத்துப் போய், புங்கனூர் ஏரியில் படகுச் சவாரிக்குச் சீட்டு வாங்கினார். சம்பந்தி அம்மாளுக்கும் சேர்த்துத்தான். படகில் ஏறுவதற்கு முன்பு, அந்தச் சீட்டைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று அந்த அம்மாள் பார்த்ததை நான் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

[திரையில்: அந்தப் படம்]