இரைச்சல்

வணக்கம். பிடித்த பாட்டுகளைப் பற்றிக் கால் மணி நேரம் பேசுங்கள் என்று இந்த வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். இளையராஜா, எம்.எஸ்.வி. என்று ஏதாவது சொல்வேன் என நினைத்திருப்பார்கள் போல. ராக், மெட்டல் ஆல்பங்கள் என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரிண்ணே, பேசுங்க. ஆனா பாட்டைப் போட முடியாது, உரிமைப் பிரச்சினை" என்றார்கள். ஆகவே உலகத்திலேயே சத்தமான பாட்டுகளைப் பற்றி இன்றைக்கு வாயால் மட்டும் சொல்லப் போகிறேன்.

மண்டபத்தில் படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். இது தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்பதால் ஊரே ஓய்வாக இருக்கும், எனக்கு மட்டும் சாப்பிட நேரம் இருக்காது. வருஷம் முழுக்க ஓடிய எஞ்சின்களெல்லாம் இந்த 61 நாளில்தான் பட்டறைக்கு வரும். இங்கே வரும் முன்னால் மூன்று முறை கை கழுவினேன். இன்னும் டீசல் வாசம் போகவில்லை.

1987-ல் என் மாமா துபாயிலிருந்து லீவில் வந்தார். பெட்டியில் கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், அப்புறம் இரண்டு கேசட் போடுகிற பெரிய டேப் ரெக்கார்டர். மருமகன் இங்கிலீஷ் படிக்கிறானே என்று நாலு இங்கிலீஷ் கேசட்டும் வாங்கி வந்திருந்தார், அட்டைப் படத்தைப் பார்த்துத்தான். அதில் ஒன்று அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து மெட்டல் குழுவின் 'பவர்ஸ்லேவ்', 1984-ல் வந்த ஆல்பம். எகிப்துக் கோயில் மாதிரி ஒரு கட்டடம், நடுவில் ராஜா உட்கார்ந்திருக்கிறார், முகம் மட்டும் பிணத்தின் முகம். அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, "எமன் படத்தை எதுக்குடா வீட்டுக்குள்ள கொண்டாந்தீக?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார். கேசட்டைப் போட்டதும் அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடா இரைச்சல் இது, நிப்பாட்டு" என்றார்.

அந்தச் சொல் எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது. எங்கள் ஊரில் கடலுக்கும் இரைச்சல் என்றுதான் சொல்கிறோம். "இன்னைக்குத் தெக்கால கடல் இரையுது" என்றால் வலையை எடுக்க வேண்டாம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலுக்குள் தூங்கி எழுந்தவர்கள் நாம். அதற்குள் அலை எது, காற்று எது, தூரத்தில் வரும் எஞ்சின் யாருடையது என்று பிரித்துக் கேட்கிற காது நமக்கு இருக்கிறது. மெட்டல் கேட்பதற்கு வேறு தகுதி எதுவும் வேண்டியதில்லை.

அந்தக் கேசட்டில் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும். கோல்ரிட்ஜ் 1798-ல் வெளியிட்ட ஒரு நீளமான ஆங்கிலக் கவிதை, கிழட்டு மாலுமி ஒருவன் சொல்லும் கதை. அதை அந்தக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் பாட்டாக்கினார். கப்பலோடு கூடவே பறந்துவந்த பெரிய கடற்பறவையை அந்த மாலுமி காரணமே இல்லாமல் அம்பெய்து கொன்றுவிடுகிறான். அப்புறம் காற்று விழுந்துவிடுகிறது, கப்பல் நகரவில்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. இந்த வரியை ராமநாதபுரத்துக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். குடத்தோடு தண்ணி லாரிக்குக் காத்து நின்றபடியே எத்தனை பேர் கடலைப் பார்த்திருப்போம்!

பாட்டின் நடுவில் திடீரென்று டிரம்ஸ் நின்றுவிடும். பேஸ் கிடார் மட்டும் மெல்ல முனகும், மரப்பலகை கிறீச் கிறீச்சென்று அசையும் சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது டேப்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்துப் பென்சிலைத் தேடினேன். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாய் கட்டி ஓடிய காலத்து மனிதர் அவர், எஞ்சின் வந்தபோது அவருக்குப் பாதி வயசு போய்விட்டது. "இது வல்லம் அசையாம நிக்கிற சத்தம்ல" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அரைகுறையாகக் கதையைச் சொன்னேன். காற்று விழுந்ததையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபம் அந்த மாலுமிமேல்தான். "பறவை விழுந்து விழுந்து எந்திரிக்கிற எடத்துலதான் மீனு கெடக்கும். அதைப் போயி எவனாச்சும் அடிப்பானா? வெவரம் கெட்ட பய" என்றார். அந்தக் கவிதையைப் பற்றி நான் கேட்ட ஒரே விமர்சனம் அதுதான், இதுவரைக்கும் எனக்கு அது போதுமானதாகவும் இருக்கிறது.

அயர்ன் மெய்டன் பாட்டுகளில் பேஸ் கிடார் குதிரை ஓட்டத்தில் போகும் என்பார்கள். எனக்கு நாட்டுப்படகு எஞ்சின்தான் ஞாபகம் வரும், விடிகாலையில் கரையேறும்போது டுக்குடு டுக்குடு என்று ஒரு சீராக வருமே, அது. 2007 மார்ச்சில் அவர்கள் பெங்களூரு பேலஸ் கிரவுண்டில் வாசித்தார்கள். ராமநாதபுரத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போனேன். கூட்டத்தில் என் வயசுக்காரன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். எல்லாம் வாசித்தார்கள், இந்த மாலுமிப் பாட்டைத் தவிர. அடுத்த வருஷம் மும்பைக்கு வந்து அதையும் வாசித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு நான் ஒரு கியர்பாக்ஸுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, இதற்கெல்லாம் மூலம் எங்கே என்று போனால் பிளாக் சபாத் என்ற குழுவில் போய் நிற்கும். இங்கிலாந்தில் பர்மிங்காம் என்ற ஊர், பட்டறையும் ஆலையுமாக உள்ள ஊர். அங்கே டோனி அயோமி என்று ஒரு பையன், பின்னால் அந்தக் குழுவில் கிடார் வாசித்தவர், அப்போது இரும்புத் தகடு வெட்டும் ஆலையில் வேலை. வயசு 17. கிடார் வாசிக்கப் போகிறேன் என்று வேலையை விடுகிறான். கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், இனி திரும்பிப் போகவில்லை என்கிறான். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைக்கிறார். போனவன் அன்றைக்கு வராத ஆளுக்குப் பதிலாக அழுத்து இயந்திரத்தில் நின்றான். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. இடக்கைக்காரன் என்பதால் தந்தியை அழுத்துகிற கை அவனுக்கு வலது கைதான்.

நம் துறைமுகத்தில் விஞ்சில் விரலைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கயிறு ஒரு சுற்று பிசகினால் போதும். அதனால் இந்தக் கதையில் அடுத்து வருவதைத்தான் நான் கவனித்துப் படித்தேன். அவர் பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூடான சால்டரிங் அயர்னால் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, மணிக்கணக்காகத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வழுக்காமல் இருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினார். முழுக்கப் பட்டறை வேலை! வாத்தியம் தெரிந்தவன் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் வாஷர் கிடைக்காத அன்றைக்குப் பழைய டியூபை வெட்டிப் போட்டு எஞ்சினை ஓடவைத்தவன் என்ற முறையில் அந்த மனிதர் எனக்குச் சொந்தக்காரர்.

அந்த விரலால் இறுக்கமான தந்தியை அழுத்த வலித்தது. மெல்லிசான தந்தி போட்டார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் தந்தியை மூன்று அரைச்சுரம் தளர்த்திக் கட்டினார். நம்மூரில் பறையைத் தீயில் காட்டித் தோலை விறைக்க வைத்து சுருதி ஏற்றுவோம். இவர் நேர்மாறாக இறக்கினார். இறங்கிய சுருதியில் கிடார் கனத்துப்போய், சேற்றில் இறங்கிய லாரி மாதிரி நகர்ந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க மெட்டல் பையன்கள் தந்தியைத் தளர்த்துகிறார்களே, அதன் தொடக்கத்தில் ஒரு கைவலி இருக்கிறது.

எனக்கு எல்லாவற்றிலும் மேலான ஆல்பம் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம்தான். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ஒரே நாளில் பதிவு செய்தது. மழை பெய்யும், இடி இறங்கும், எங்கோ தூரத்தில் மாதா கோயில் மணி அடிக்கும். அப்புறம் கிடார். கார்த்திகை மார்கழியில் வாடை அடிக்கிற ராத்திரி பாம்பன் பக்கம் ஓட்டு வீட்டில் படுத்திருந்து இதைக் கேட்டால் எது ஆல்பத்து மழை, எது நம் மழை என்று தெரியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன அந்த ராத்திரியைப் பற்றி அம்மா சொல்ல ஆரம்பித்தால், குரல் இதே மாதிரிதான் தாழ்ந்துபோகும்.

மணி என்றதும் ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்' ஆல்பம்தான் ஞாபகம் வரும். அவர்கள் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்துபோனார். அதே வருஷம் ஜூலையில் புதுப் பாடகரோடு ஆல்பம் வந்துவிட்டது, துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டு மணியோசையில் தொடங்கும். அதற்காக முதலில் லஃப்பரோவில் ஒரு நினைவுக் கோபுரத்து மணியைப் பதிவு செய்யப் போயிருக்கிறார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளே கூடு கட்டியிருந்த பறவைகள் சடசடவென்று பறந்தன. ஒலிநாடா முழுக்க இறக்கைச் சத்தம். கடைசியில் இவர்களுக்கென்று தனியாக வார்த்த மணியை, அதே ஊர் வார்ப்படச் சாலையிலேயே வைத்துப் பதிவு செய்தார்கள். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கென்னவோ அந்தப் பறவை பறந்த நாடாவையும் ஒரு முறை கேட்க வேண்டும் போலிருக்கிறது.

ஜூடாஸ் பிரீஸ்ட் 1980-ல் போட்ட 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பத்தில் கண்ணாடி நொறுங்குகிற சத்தத்துக்குப் பால் பாட்டில்களை உடைத்தார்கள், இரும்பு மனிதர்கள் நடக்கிற சத்தத்துக்குக் கரண்டித் தட்டைக் குலுக்கினார்கள். அவர்களில் கிடார் வாசித்த கிளென் டிப்டன் அதே 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்ற பெயருள்ள எஃகு நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர். டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' பற்றிக் கிடார் கற்றுக்கொள்கிற எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அதில் ஒரு பாட்டு, ஏரிக்கரையில் தீப்பிடித்த கட்டடம், தண்ணீர்மேல் படர்ந்த புகை, கிடாரில் நாலு சுரம். நல்ல ஆல்பம்தான், ஆனால் அந்த நாலு சுரத்தை நான் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாகிவிட்டது. மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' எனக்கு மரியாதைக்குரியது. 1986 மார்ச்சில் வந்தது, அதே செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் போய்ச் சேர்ந்தார், 24 வயசு. அதில் பாட்டில்லாத வாத்திய இசை ஒன்று உண்டு, 'ஓரியன்' என்று. அதைப் போடும்போது நான் யாரோடும் பேசுவதில்லை.

பிங்க் ஃப்ளாய்டு குழுவை மெட்டல்காரர்கள் சிலர் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ராமேசுவரத்தில் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்போம், அலை அடிக்கும். வடக்கே பெண்கடல், குளம் மாதிரி கிடக்கும். பிங்க் ஃப்ளாய்டு பெண்கடல். அமைதியாக இருக்கிறது என்று நம்பி இறங்கினால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னும் ஒன்று மட்டும். லெட் ஜெப்பெலின் 1971-ல் போட்ட நாலாவது ஆல்பம். அதன் கடைசிப் பாட்டு கரை உடைவதைப் பற்றியது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு 1927-ல் கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தது. அதை வைத்துக் கறுப்பினப் பாடகர்களான மெம்பிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பாடிய பாட்டை இவர்கள் எடுத்துப் பெரிதாக்கினார்கள். டிரம்ஸை ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக்குக் கீழே வைத்து, மைக்கை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தார்களாம். அதனால்தான் அந்த அடி ஒவ்வொன்றும் கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி கேட்கிறது. நம் மாவட்டம் கண்மாய் மாவட்டம். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று ஆர்.எஸ். மங்கலத்துக் கண்மாயைச் சொல்வார்கள். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர், டிராக்டர் பம்ப் சரிபார்க்க வந்தவர், பட்டறையில் இந்தப் பாட்டு ஓடும்போது ஒரு வார்த்தை புரியாமல் நின்று கேட்டார். என்ன பாட்டு என்றார். கரை உடையிற பாட்டு என்றேன். "மணல் மூட்டை போட்டாகளா?" என்று கேட்டார். போட்டுப் பார்த்தும் நிற்கவில்லை என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, பாட்டு முடிகிறவரைக்கும் நின்றார்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி கை காட்டுகிறது. பாட்டைப் போட்டுக் காட்ட முடியவில்லை என்பதுதான் எனக்குக் குறை. படகெல்லாம் இறங்குவதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. மண்டபம் பக்கம் வருகிறவர்கள் பட்டறைக்கு வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எஞ்சின் எதுவும் ஓடாது, கச்சான் காற்று மட்டும்தான் இரைந்துகொண்டிருக்கும். மாமா கொண்டுவந்த அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது, முதல் பக்கம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. இரண்டாம் பக்கம் நன்றாக ஓடுகிறது. பதின்மூன்று நிமிடமும் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. டீ நான் வாங்கித் தருகிறேன்.