ஆறாம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளியா? சேர்க்கும் முன் கணக்கு நோட்டைப் பாருங்கள்!

வணக்கம். உங்கள் பிள்ளை இந்த வருடம் ஐந்தாம் வகுப்பா? அப்படியென்றால் இந்த வீடியோவைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். வருகிற ஜூனில் நீங்கள் எடுக்கிற முடிவு, ஏழு வருடம் கழித்து மருத்துவக் கலந்தாய்வில் வந்து நிற்கும்.

2020-ல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு யாருக்கு? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்துவிட்டது. மாநகராட்சிப் பள்ளி இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. ஆர்.டி.இ. என்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

சரி, ஒதுக்கீடு கிடைக்கும் என்பதற்காக மட்டும் பிள்ளையை ஓர் இடத்தில் உட்கார வைக்க முடியுமா? அங்கே பாடம் நடக்க வேண்டும். அதை வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறோம்.

(திரையில்: சென்னையின் ஒரு குறுகலான தெரு, ரேஷன் கடைக்குப் பக்கத்தில் பள்ளியின் இரும்பு கேட்)

இன்றைக்கு நாம் பார்ப்பது மாநகராட்சி நடுநிலைப்பள்ளி. நடுநிலைப்பள்ளி என்றால் ஒன்று முதல் எட்டு வரை. முன்னுரை இவ்வளவு போதும்.

சென்னையில் இப்படிப்பட்ட பள்ளிகள் தெருவுக்குள் ஒளிந்திருக்கும். மொத்தமே நூறு, நூற்றைம்பது பிள்ளைகள். பார்த்தவுடனே “கூட்டமே இல்லையே, நல்லா இல்ல போல” என்று நமக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் மகளைச் சேர்ப்பதற்கு முன் வீட்டைச் சுற்றி நான்கு பள்ளிகளுக்கு நடந்தேன். கடைசியில் சேர்த்தது, நான்கிலும் சின்னப் பள்ளியில்.

முதல் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. அரசின் யூடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியைத் தேடினால் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை கழிப்பறை என்று வரும். பள்ளி கொடுத்த விவரம்தான் அது. குறித்துக்கொண்டு போய் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஆசிரியர் கணக்கு. ஒன்று முதல் ஐந்து வரை பெரும்பாலும் இடைநிலை ஆசிரியர்கள் எடுப்பார்கள். ஆறு, ஏழு, எட்டுக்குப் பட்டதாரி ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி இந்த மூன்று வகுப்புகளுக்கும் குறைந்தது வகுப்புக்கு ஒருவர் வேண்டும். மொழிக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், கணக்குக்கும் அறிவியலுக்கும் சேர்த்து ஒருவர் இருந்தாலும் சட்டம் ஏற்றுக்கொள்ளும். பாடம் ஐந்து, ஆள் மூன்று! சின்னப் பள்ளியின் பலவீனம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் “எத்தனை டீச்சர் இருக்காங்க?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “கணக்கு எடுக்கிற டீச்சர் காலேஜில் என்ன படிச்சாங்க? எட்டாவதுக்கு இங்கிலீஷ் யார் எடுக்கிறாங்க?” என்று கேளுங்கள். தலைமையாசிரியர் யோசிக்காமல் பதில் சொன்னால் நல்லது. “பார்த்துக்கலாம்” என்றால், அந்தப் பாடத்துக்கு ஆள் வந்தாயிற்றா என்று ஒரு மாதம் கழித்துப் போய்க் கேளுங்கள்.

இப்போது இந்த வீடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நோட்டு!

ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர் அறை, சுவர் ஓவியம் எல்லாவற்றையும் தலைமையாசிரியர் காட்டுவார், சந்தோஷமாகப் பாருங்கள். நோட்டை மட்டும் நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். பள்ளியில் கேட்கக் கூச்சமாக இருந்தால், மாலை பள்ளி விடும் நேரத்தில் வாசலுக்குப் போங்கள். பிள்ளையைக் கூட்டிப்போக அம்மாக்கள் வந்திருப்பார்கள். “என் பொண்ணை இங்கே சேர்க்கலாம்னு இருக்கேன், நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்டால் நம் ஊரில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நோட்டைக் காட்டுவதோடு பள்ளிக் கதை முழுவதையும் சொல்லிவிடுவார்கள்.

நான் பார்த்த இரண்டு நோட்டுகளைச் சொல்கிறேன். முதலாவது, நான் சேர்க்காத ஒரு பள்ளியின் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கோடு போட்டு, தேதி எழுதி, எல்லாப் பக்கத்திலும் சிவப்பு டிக். எனக்கு ஒரே மகிழ்ச்சி. பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் நோட்டையும் வாங்கிப் புரட்டினேன். அதே கணக்கு, அதே வரி, அதே இடத்தில் அதே பிழை. மைனஸ் ஏழோடு நான்கைக் கூட்டினால் மைனஸ் மூன்று வர வேண்டும். இரண்டு நோட்டிலும் மைனஸ் பதினொன்று என்று இருந்தது. இரண்டிலும் டிக்! பலகையிலிருந்தோ, ஒருவரைப் பார்த்து ஒருவரோ, அப்படியே எழுதியிருக்கிறார்கள். பிள்ளையும் கணக்குப் போடவில்லை, திருத்தியவரும் படிக்கவில்லை.

இரண்டாவது, என் மகள் இப்போது படிக்கிற பள்ளியில் ஒரு பையனின் நோட்டு. அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, கையெழுத்தும் கோழி கிளறியது மாதிரி இருந்தது. அவனும் இதே முழுக்கள் பாடத்தில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தான். அந்த மைனஸ் குறியை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு, பக்கத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: “எண்கோட்டில் நடந்து பார்.” கீழே பென்சிலில் அவன் எண்கோடு வரைந்து, மைனஸ் ஏழிலிருந்து ஒவ்வொரு தாவலாக நான்கு வளைவு போட்டு, மைனஸ் மூன்றில் வந்து நின்றிருந்தான். அதற்குக் கீழே டிக். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பில் பதினெட்டுப் பேர் இருப்பதால்தான் அந்த டீச்சரால் அவன் எங்கே தடுமாறினான் என்று பார்க்க முடிந்தது. ஐம்பது நோட்டு குவிந்து கிடந்தால் யாரால் முடியும்? “கூட்டமே இல்லையே” என்று நாம் குறை சொல்கிறோமே, பிள்ளைக்கு அதுதான் லாபம்.

பின்னோக்கிப் புரட்டி, போன மாதம் செய்த அதே தவறு இந்த மாதமும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆசிரியர் லீவு போட்டாலோ, பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனாலோ என்ன நடக்கும்? சின்னப் பள்ளியில் ஆறையும் ஏழையும் ஒரே அறையில் உட்கார வைப்பார்கள். மாதத்தில் ஒரு நாள் என்றால் பரவாயில்லை. வாரத்தில் மூன்று நாள் என்றால் யோசியுங்கள். இதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள், அவர்களுக்கு மறைக்கத் தெரியாது.

அப்புறம் கழிப்பறை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு முதல் எட்டு என்பது பெரும்பாலான பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிற காலம். கதவில் தாழ்ப்பாள் விழுகிறதா, பிற்பகல் இரண்டு மணிக்கும் குழாயில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள கூடை இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். காலையில் கழுவி வைத்திருப்பார்கள், அதனால் மதியத்துக்கு மேல் போங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1920-ல், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். எவ்வளவு பெரிய விஷயம்! இன்றைக்கு மதிய உணவு பத்து வரைக்கும் உண்டு, முட்டையோடு. ஆனால் 2022-ல் தொடங்கிய காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தம்பி சுடச்சுட உப்புமா சாப்பிடும்போது, ஆறாம் வகுப்பு அக்கா தள்ளி நிற்பாள். அவளை வீட்டிலேயே சாப்பிட வைத்து அனுப்புங்கள். எட்டு வரைக்கும் கொடுத்தால் என்ன என்று என் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: “போன வருஷம் எட்டாவதில் எத்தனை பேர் என்.எம்.எம்.எஸ். எழுதினாங்க? எத்தனை பேர் பாஸ்?” பெற்றோரின் வருட வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாத பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எழுதுகிற உதவித்தொகைத் தேர்வு இது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. ஒருவர்கூடத் தேர்வாகவில்லை என்பதைவிட, ஒருவர்கூட எழுதவில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய பதில்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் என்று சட்டம் சொல்கிறது, சேர்த்த பிறகு அந்தக் கூட்டத்துக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக, எட்டு முடிந்ததும் எங்கே? நடுநிலைப்பள்ளி அங்கேயே முடிந்துவிடும். பக்கத்தில் இருக்கிறது, பேர் பெற்றது என்று ஒன்பதாம் வகுப்பை ஓர் உதவி பெறும் பள்ளியில் சேர்த்துவிட்டால், முதலில் சொன்னேனே அந்த 7.5 சதவீதம், அது கையை விட்டுப் போய்விடும். இதைத் தெரியாமல் டி.சி. வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் சேர்க்கும் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: இங்கே எட்டு முடித்த பிள்ளைகள் எந்த மேல்நிலைப்பள்ளிக்குப் போகிறார்கள், அது அரசுப் பள்ளியா, எந்த பஸ்?

உங்கள் ஏரியாவில் எட்டு முடித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இந்த வீடியோவை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள், அவர்களுக்கு ஜூன் வரைதான் நேரம்.